மானாவாரி நிலமும் கண்ணாடிக் குடுவையும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் அருப்புக்கோட்டையை நெருங்கும்போதே பூமி கறுக்கத் தொடங்கி, பந்தல்குடியைக் கடந்து விளாத்திகுளத்தை அடையும் வரையில் இருமருங்கிலும் கரிசலும் சீமைக்கருவேலமுமாகவே தொடர்ந்து வரும் அந்தப் பிரதேசம், கீழ்த்திசையில் வேம்பாரையும் சாயல்குடியையும் நோக்கித் திரும்பியவுடன் தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. மண்ணில் மணல் கலக்கிறது. பனைகள் கூட்டங்கூட்டமாக எழுந்து நிற்கின்றன. காற்றில் உப்பின் வாடை ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பி வாழும் இந்த மானாவாரிச் சீமையில் புற்றுநோய்க்கு மருந்தாகும் ஒரு செடி வயல் வயலாகப் பயிராகிறது என்று ஏடுகளில் படித்திருந்த எனக்கு, அதை நேரில் கண்டு, அங்கிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கும், ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மலைக்காட்டுக்கும் போய், ஒரு மருந்து பிறந்து வரும் வழி முழுவதையும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அந்த ஆசையே ஒரு பங்குனி மாதத்து வெயிலில் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

செடி வேறொன்றுமில்லை, நம் வீட்டு முற்றங்களிலும், கோயில் நந்தவனங்களிலும், யாரும் நீர் வார்க்காத மயானக் கரைகளிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிதான். சுடுகாட்டு மல்லி என்றும் பட்டிப்பூ என்றும் அதைச் சொல்வாரும் உண்டு. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. கப்பல்களின் வழியே வெப்ப நாடுகள் அனைத்துக்கும் பரவி, இந்திய மண்ணிலும் வேரூன்றி, இன்று அந்நியம் என்று எவரும் நினைக்காத அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இதைப் பயிராக விதைக்கும் உழவர்கள், விதை மிகச் சிறியது ஆகையால் மணலோடு கலந்து தூவுகிறார்கள். முளைத்தபின் நெருக்கத்தைக் கலைத்துக் களை எடுக்கிறார்கள். ஆறாம் மாதத்தில் ஒருமுறையும் ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறையும் இலையை உருவி எடுத்து, ஆண்டு முடிந்ததும் செடியை அறுத்து வேரைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். இலை ஒரு மருந்துக்கும் வேர் மற்றொரு மருந்துக்கும் உதவுகிறது. வேரிலுள்ள அஜ்மலிசின் இரத்த ஓட்டத்தைச் சீர்செய்யும் மருந்துகளில் சேர்கிறது. அந்த வேர்ச்சத்துக்கு நம் நாட்டு வைத்தியப் பெருமகன் ஹகீம் அஜ்மல்கானின் பெயர் அமைந்திருப்பது, அதை முதன்முதல் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற ரசாயன மேதை தம்மை ஆதரித்தவருக்குச் செலுத்திய நன்றியின் சின்னமாகும்.

நான் சென்ற வயலில் இலை உருவும் வேலை நடந்துகொண்டிருந்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள் மண்டிய அந்த நிரைகளின் நடுவே, வெயிலுக்குத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பால் பட்டுக் கறுத்த விரல்களோடு குனிந்து நின்ற மூதாட்டி ஒருவரிடம், இந்தப் பயிரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஆடு மாடு இதுல வாய் வைக்காதுய்யா. மழை ரெண்டு தப்புனாலும் முழுசாக் கருகிப் போகாது. வேற வெள்ளாமை இந்த மண்ணுல நம்பிப் போட முடியல” என்றார்.

“இந்த இலை எங்கே போகிறது என்று தெரியுமா, அம்மா?”

“யாவாரி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாரு. கப்பலேறுதுன்னு சொல்லுவாக. என்னத்துக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இதிலிருந்துதான் ஊசிமருந்து எடுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அவர் கையிலிருந்த இலைகளைச் சாக்கில் போட்டுவிட்டு நிமிர்ந்து, “அந்தப் பிள்ளைக பொழச்சுக்கிருதாய்யா?” என்று கேட்டார். நல்ல வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன என்றேன். “அப்பச் சரி” என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் இலையை உருவத் தொடங்கினார்.

அந்தக் கேள்வியின் பின்னே எழுபது ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. ஜமைக்காத் தீவில் நீரிழிவுக்காரர்கள் இந்த இலையைக் கஷாயமிட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952-இல் அங்கிருந்து ஓர் உறையில் இருபத்தைந்து இலைகள் கனடாவிலுள்ள டொரண்டோ நகரத்து மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர, அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். கஷாயத்தை எலிகளுக்குப் புகட்டியபோது இரத்தத்துச் சர்க்கரை குறையவில்லை. அதையே ஊசியால் செலுத்தியபோதோ, அவற்றின் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் குன்றி, அவை தொற்றுநோய்க்கு ஆளாகி மடிந்தன. தேடிய பயன் கிடைக்கவில்லை என்று கைவிட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், அவ்வணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் வியாதிக்கு மருந்தாகலாம் அல்லவா என்று அவர் எண்ணிப் பார்த்ததும், சார்லஸ் பியர் என்ற ரசாயன நிபுணர் அவரோடு சேர்ந்து பல ஆண்டு பிரயத்தனத்துக்குப் பின் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததும், 1958-இல் வின்பிளாஸ்டின் உலகத்துக்கு அறிமுகமாவதற்கு வழிசெய்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து எலை லில்லி மருந்து நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவும் அவருடைய சகாக்களும் தனி வழியில் இதே செடியை அடைந்து, இரண்டாவது மருந்தாகிய வின்கிரிஸ்டினையும் கண்டார்கள். 1963-இல் அது வைத்தியத்துக்கு அனுமதி பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வதற்காக அதனுள் நுண்ணிய இழைக்குழல்கள் கட்டப்படுகின்றன. அவை கட்டப்படாமல் இம்மருந்துகள் தடுத்துவிடுவதால், பிரியத் தொடங்கிய அணு நடுவழியில் நின்று அழிகிறது. புற்றணுக்கள் ஓயாமல் பிரிவதால் அவற்றுக்கே கேடு அதிகம். ஒரு காலத்தில் ஏறக்குறைய மரணத்தையே முடிவாகக் கொண்டிருந்த குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில், இன்று வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கிறார்கள் என்றால், கூட்டு மருந்துகளில் ஒன்றாக அன்று முதல் இன்று வரை விலகாமல் நிற்கும் வின்கிரிஸ்டினுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் செடி அதைக் கொடுக்கும் அளவோ மிகவும் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேற்பட்ட உலர்ந்த இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இலையும் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருமுறைக்கு உச்ச அளவாகச் செலுத்தும் 2 மில்லிகிராம் ஊசிமருந்தில், அப்படியானால், ஏறத்தாழ நான்கு கிலோ உலர்ந்த இலையின் சாரம் இருக்கிறது. அந்த மூதாட்டி மரநிழலில் பரப்பி உலர்த்தியிருந்த குவியல்களை எண்ணி, ஒவ்வொன்றும் யாரோ ஒரு குழந்தையின் ஒரு வாரத்து மருந்து என்று நினைத்தபோது என் நெஞ்சு நிறைந்தது.

இவ்வளவு இலைக்கு இவ்வளவு சொற்ப மருந்து என்றால், வயலையும் மழையையும் நம்பாமல் செடியின் அணுக்களை மட்டும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து மருந்தைப் பெற முடியாதா? இந்தக் கேள்வியோடுதான் எட்டயபுரம், கோவில்பட்டி வழியாகப் பாளையங்கோட்டையை அடைந்து, அங்கே ஒரு கல்லூரியின் திசு வளர்ப்புக் கூடத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். காற்றை வடிகட்டி அனுப்பும் மேசையின் முன்னே, சாராய விளக்கின் சுடரில் இடுக்கியைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்து, கிருமிநீக்கம் செய்த நித்தியகல்யாணித் தளிரை ஒரு மாணவி துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டுக்குப் பிரிகூறு என்று பெயர். அது வளரும் ஊடகத்தில் உப்புக்களும், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும், வைட்டமின்களும், கட்டியாக்க அகாரும் கலந்திருக்கும். அழுத்தக் கொதிகலத்தில் 121 பாகை வெப்பத்தில் அதைக் கிருமி நீக்குவார்கள். இன்று உலகெங்கும் புழங்கும் அந்தக் கலவையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புகையிலைத் திசுவுக்காக முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்து 1962-இல் வெளியிட்டார்கள்.

தாவரத்தின் எந்த உயிரணுவும் தனக்குள் முழுச் செடியையும் ஒளித்து வைத்திருக்கிறது, தக்க சூழல் அமைந்தால் அது முழுச் செடியாகும் என்று 1902-இலேயே ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி எழுதினார். எழுதிய அவரால் அதைச் செய்து காட்ட இயலவில்லை. அவருடைய கனவு நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவர்ட், காரட்டின் அணுக்களிலிருந்து முழுச் செடியை வளர்த்ததை 1958-இல், அதாவது வின்பிளாஸ்டின் வெளிப்பட்ட அதே ஆண்டில், அறிவித்தார். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இருவகை வளர்ச்சிப் பொருள்களில் முதலாவது மிகுந்தால் வேரும், இரண்டாவது மிகுந்தால் தண்டும், இரண்டும் இணையாக நின்றால் காலஸ் என்னும் உருவற்ற திசுத்திரளும் பிறக்கும் என்று ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் கண்ட உண்மையை, அந்த மாணவி தம் அலமாரியிலிருந்த மூன்று குடுவைகளை வரிசையாக வைத்துக் காட்டினார். ஒன்றில் வெண்ணிற வேர்கள். ஒன்றில் பச்சைத் தண்டுகள். ஒன்றில் பிசைந்த மாவுருண்டை போன்ற காலஸ்.

“இந்தக் காலஸில் வின்கிரிஸ்டின் இருக்கிறதா?” என்று ஆவலோடு கேட்டேன்.

“இல்லை சார். அஜ்மலிசின் வரும், கேதரான்தின் வரும். வின்டோலின் வராது. அது வராமல் வின்பிளாஸ்டினும் இல்லை, வின்கிரிஸ்டினும் இல்லை” என்றார் அவர்.

இந்தப் பிரயாணத்தில் நான் கற்ற பாடங்களுள் தலையாயது இதுவே. கேதரான்தினும் வின்டோலினும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின் உருவாகும். இவற்றை உண்டாக்கும் வேலையை ஓர் அணு தனியே செய்வதில்லை. இலை நரம்பை ஒட்டிய அணுக்கள் தொடக்கப் படிகளைச் செய்து, இடைப்படிகளை மேல்தோல் அணுக்களிடம் ஒப்படைக்கின்றன. வின்டோலினின் கடைசிப் படிகளோ இலையின் உட்புறத்தில் பால் தாங்கும் அணுக்களிலும் அவற்றையொத்த தனியணுக்களிலும், அதுவும் வெளிச்சத்தின் உதவியோடு, நிகழ்கின்றன. கேதரான்தின் இலையின் வெளிப்புறத்து மெழுகுப் படலத்தில் தங்குகிறது என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் காட்டினார்கள். ஒன்று உள்ளே, மற்றொன்று வெளியே. இரண்டையும் செடி பிரித்தே வைத்திருப்பதால்தான் அவை சேர்ந்த மருந்து அவ்வளவு அருமையாக இருக்கிறது. தோலும் நரம்பும் பாலணுவும் என்ற வேற்றுமையே இல்லாத காலஸில், இந்த வேலைப் பங்கீடு நடக்க இடமில்லை. ஓர் அணு முழுச் செடியாகும் வல்லமையைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் மருந்து என்பது முழுச் செடியின் காரியம். அதனால்தான், குடுவையில் இலையோடு கூடிய தண்டுகளாக வளர்த்தால் வின்டோலின் மறுபடியும் தோன்றுகிறது.

அடுத்த அறையில் சாறுகளின் பரிசோதனை நடந்தது. 37 பாகைச் சூட்டில், கரியமிலவாயு கலந்த காற்றில், தொண்ணூற்றாறு சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் மனிதப் புற்றணுக்களை வளர்த்து, வெவ்வேறு மூலிகைகளின் சாற்றை வெவ்வேறு அளவில் இட்டு, இறுதியில் ஒரு மஞ்சள் உப்பைச் சேர்க்கிறார்கள். உயிரோடிருக்கும் அணுக்கள் அதை ஊதா நிறமாக்கும். மடிந்தவை ஆக்க மாட்டா. நிறத்தின் அடர்த்தியை அளந்தால், பாதி அணுக்களைக் கொல்லும் அளவு எது என்று தெரிந்துவிடும். 1983-இல் வந்த இந்த எளிய முறையால், பெரும் பொருட்செலவில்லாத கல்லூரிகளிலும் நம் மாணவர்கள் நம் மூலிகைகளைச் சோதிக்க முடிகிறது என்பது பெருமைக்குரியது.

ஆனால் இந்த இடத்தில்தான் நிதானம் அத்தியாவசியமாகிறது. குடுவையிலுள்ள புற்றணுவைக் கொல்வது கடினமான காரியமன்று. உப்பு மிகுந்தாலும் புளிப்பு மிகுந்தாலும் அது சாகும். ஆரோக்கியமான அணுவைக் காத்துப் புற்றணுவை மட்டும் தாக்குகிறதா, சாற்றிலுள்ள நூறு பொருள்களில் எது அதைச் செய்கிறது, உடலுக்குள் போனபின் அது என்னவாகிறது, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் விஷம் என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்த பிறகே அது மருந்தென்ற பெயருக்கு உரியதாகும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1960 முதல் 1982 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது. அவற்றிலிருந்து நோயாளியின் படுக்கை வரையில் வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இதையறியாமல் நித்தியகல்யாணியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலத்தை வீணாக்குவோரை எண்ணினால் மனம் பதைக்கிறது. நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கவல்ல கடுமையான பொருள்கள் அந்த இலையில் உண்டு. அவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனையின் துணையோடு வைத்தியர் கொடுக்கும்போதுதான் அவை உயிர் காக்கின்றன.

பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசியை அடைந்தபோது, மேற்கே மலைத்தொடர் நீலமாக எழுந்தது. பங்குனி ஆகையால் குற்றாலத்து அருவிகள் பாறையில் தடம் மட்டுமாக இருந்தன. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறியதும், காற்றின் வெப்பம் தணிந்து, மரங்கள் நெருங்கி, ஒரு நாழிகைப் பொழுதுக்குள் வேறொரு தேசத்துக்கு வந்துவிட்ட பிரமை உண்டாயிற்று. 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம் இருப்புப்பாதையின் பதின்மூன்று வளைவுக் கற்பாலம் கழுதுருட்டியில் சாலையின் ஓரமாகவே கம்பீரமாக நிற்கிறது. தென்மலையும் குளத்துப்புழையும் கடந்து திருவனந்தபுரம் செல்லும் அந்தப் பாதையில்தான் பாலோடு என்ற ஊர் இருக்கிறது. 1979-இல் தோன்றிய வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் அங்கே விரிந்திருக்கின்றன.

அந்தத் தோட்டத்து நிழலில் நடந்தபோது என் சிந்தனை முழுவதும் மேற்கு மலைத்தொடரின் ஒரு சிறுமரத்தைச் சுற்றியே சென்றது. மராட்டியர் நரக்யா என்றழைக்கும் அந்த மரத்தின் பூ துர்நாற்றம் வீசுவது. அதன் கட்டையிலோ காம்ப்டோதெசின் என்னும் அரும்பொருள் இருக்கிறது. அப்பொருளை முதலில் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து அமெரிக்காவில் வால் என்ற விஞ்ஞானியும், இந்தியாவில் பிறந்த வாணி என்ற விஞ்ஞானியும் பிரித்தெடுத்தார்கள். நம் மலைமரத்திலும் அது உண்டு, அதுவும் மிகுதியாக உண்டு என்று 1972-இல் காட்டியவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் பல மாணவர்களை உருவாக்கிய ரசாயனப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாவான விஸ்வநாதனும் ஆவர். 1996-இல் அப்பொருளின் வழிவந்த இரண்டு மருந்துகள் கருப்பை அருகிலுள்ள சினைப்பைப் புற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. உலகத்தின் தேவை வளர வளர, மலைச்சரிவுகளில் அம்மரங்கள் வெட்டுண்டு, பல இடங்களில் அருகிப்போயின. நித்தியகல்யாணியை ஓராண்டில் மறுபடி விதைக்கலாம். காட்டு மரத்தை அப்படி விதைக்க முடியாது. இங்கேதான் திசு வளர்ப்பின் உண்மையான பிரயோஜனம் எனக்குத் துலங்கியது. சத்து மிகுந்த ஒரு தாய்மரத்தின் சிறுமொட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகளைக் குடுவையில் எழுப்பி, பசுமைக்குடிலில் பழக்கி, தோட்டங்களில் நட்டுவிட்டால், மருந்துக்காகக் காட்டை அழிக்க வேண்டியதில்லை.

பசிபிக் யூ மரத்தின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. 1962-இல் அதன் பட்டையைச் சேகரித்து, 1971-இல் டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தை வெளிப்படுத்தி, 1992-இல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தபோது, ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 3,000 மரங்களின் பட்டையை உரிக்க வேண்டியிருந்தது. பின்னர் ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து பாதிவழியும் ரசாயனத்தால் மீதிவழியுமாக அதைச் செய்யக் கற்றார்கள். அதன்பின், ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளில் யூவின் அணுக்களையே வளர்த்து மருந்தெடுத்தார்கள். காலஸ் தர மறுத்ததை நித்தியகல்யாணியின் விஷயத்தில் ஈஸ்ட் தரத் தொடங்கியிருக்கிறது. 2022-இல் கலிபோர்னியாவிலும் டென்மார்க்கிலும் பணிபுரிந்த விஞ்ஞானிகள், ஈஸ்டின் மரபில் ஐம்பத்தாறு மாற்றங்களைச் செய்து, கேதரான்தினையும் வின்டோலினையும் அதனிடமிருந்தே பெற்று, பிறகு இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டினாக்கிக் காட்டினார்கள். இது விஞ்ஞானத்தின் பெரும் வெற்றி. வறட்சியாலோ வியாபாரத் தடையாலோ மருந்து தீர்ந்து குழந்தைகள் தவிக்கும் நிலை இனி வராமலிருக்க இத்தகைய வெற்றிகள் வேண்டும்.

ஆனால் அந்த நாள் முற்றிலும் வரும் வரையில், மருந்தின் முதல் தொழிற்சாலை மானாவாரி நிலத்திலுள்ள இலைதான். அதன் முதல் தொழிலாளி, பால்கறை படிந்த விரல்களோடு அதை உருவும் பெண்தான். ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. இலையின் சத்தைக் கொள்முதல் செய்யும் இடத்திலேயே அளந்து சத்துக்கேற்ற விலை கொடுக்கும் முறை வர வேண்டும். சத்து மிகுந்த வகைகளைத் திசு வளர்ப்பால் பெருக்கி உழவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நம் கல்லூரிகள் ஏற்க வேண்டும். ஊதா நிறத்தின் அளவோடு நின்றுவிடாமல், நம்பிக்கையூட்டும் சாறுகளை ரசாயன நிபுணரும் வைத்தியரும் சேர்ந்து இறுதிப்படி வரையில் தொடர வழி ஏற்பட வேண்டும். மலைக்காட்டின் அருமரங்கள் கன்றுகளாகப் பெருகும் வரையில் அவற்றின் மேல் கோடரி விழாதிருக்க வேண்டும். வயலும் கூடமும் காடும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதே இன்றுள்ள பெருங்குறை. அவை ஒன்றையொன்று அறிந்து கைகோக்குமானால், இன்னும் எத்தனையோ வியாதிகளுக்கு இந்த மண்ணிலிருந்தே மருந்து பிறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.